பெற்றோரை முதியோர் குடியிருப்பில் சேர்க்கலாமா?



1980களில் நமது ஓசூர் சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் இன்று எழுபதை நெருங்குகிறார்கள். பிள்ளைகளோ விடியுமுன் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருவுக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். "அத்தாவைக் கோவையில் முதியோர் குடியிருப்பில் சேர்க்கலாமா ஹஜ்ரத்?" என்று கேட்கிறார்கள்.

கூடாது என்று ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பூட்டிய வீட்டில் பகலெல்லாம் தனியே கிடப்பதைவிட, கூப்பிட்டால் வரும் செவிலியரும் வேளைக்கு உணவும் சமவயதுப் பேச்சுத்துணையும் மேல்தான். ஆனால் விசாரியுங்கள். இத்தகைய பல இடங்களில் சுமார் 55 வயது கடந்தவர்தான் குடியிருக்கலாம், பேரப்பிள்ளைகள் விருந்தாளிகள். நாளை வாரிசுகளுக்கு அந்த வீட்டில் பங்கு வரும், குடியேற வயது தடுக்கும். மாதாந்திரப் பராமரிப்புத் தொகை ஓய்வூதியத்துக்குள் அடங்குமா? ஜும்ஆவுக்கு நடந்து போகும் தூரத்தில் பள்ளிவாசல் உண்டா?

அல்இஸ்ரா அத்தியாயத்தின் 23வது வசனம் பெற்றோரின் முதுமையைச் சொல்லும் இடத்தில் 'இன்தக' என்ற சொல் வருகிறது. உன்னிடத்தில், உன் அருகில் என்று பொருள். அங்கேதான் 'சீ' என்று சலிப்பதைக்கூட அல்லாஹ் தடுக்கிறான். பக்கத்திலேயே இருப்பவரிடம்தானே சலிப்பு வரும்? 2007ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் மாதத் தொகையை வாங்கித் தரும்; கைப்பிடித்து ஒளூ செய்ய அழைத்துப் போகாது.

தாமே விரும்பிப் போகிறவரைத் தடுக்காதீர்கள். ஆனால் பேச்சை நீங்கள் எடுத்தால், "உங்களுக்கு எதுக்கு சிரமம், போறேன்" என்றுதான் பல அத்தாக்கள் சொல்வார்கள். அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு நாள் கழித்து, மருமகளும் பேரனும் பக்கத்தில் இல்லாத நேரத்தில், மறுபடி கேளுங்கள்.