வால்வின் கைப்பிடி

படகொன்றில் கழிவறைக்குக் குழாய் அமைப்பது இவ்விதழுக்கேற்ற பொருளா என்று வாசகர் புருவம் உயர்த்தலாம். ஃபிக்ஹு நூல்களைத் தண்ணீரின் பாடத்திலிருந்தே ஓதத் தொடங்கும் நமக்கு இதில் கூச்சம் எதற்கு?

அமெரிக்கக் கரையோரத்து உல்லாசப் படகுகளை எடுத்துக்கொள்வோம். சிறு படகின் கழிவறைப் பீங்கான் பெரும்பாலும் கடலின் நீர்மட்டத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோ அமைகிறது. ஒரு குழாய் கடல்நீரை உள்ளே இழுக்க, கைப்பம்பு கழிவை மற்றொரு குழாய் வழியே வெளியே தள்ளும். இந்தக் குழாயை நீர்மட்டத்திற்கு மேலே உயர்த்தி வளைத்து, வளைவின் உச்சியில் காற்றுப் புகும் சிறு வால்வைப் பொருத்துகிறார்கள். இல்லையேல் கழிவு சென்ற வழியே கடல் திரும்பி வந்து படகையே மூழ்கடித்துவிடக் கூடும். மூழ்குவது தன் படகாயிற்றே! ஆகவே இதை அறிந்தவன் இவ்வளைவில் அலட்சியம் காட்டுவதில்லை.

அடுத்தது இருவழி வால்வு. ஒரு வழி படகினுள் இருக்கும் கழிவுத் தொட்டிக்கு, மறுவழி கடலுக்கு. கரையிலிருந்து 3 கடல்மைலுக்குள் சுத்திகரிக்காத கழிவை விடலாகாது என்பது அந்நாட்டுச் சட்டம். கடல்வழியை அடைத்துக் கைப்பிடியைக் கழற்றிவிட வேண்டும். அல்லது பூட்டுப் போடவேண்டும். அல்லது அவிழ்க்கவியலாத கட்டினால் இறுக்கவேண்டும். அந்தக் கட்டோ கத்திக்கு ஒரு நொடி வேலை. தொட்டி நிரம்பிவிட்டது, கழிவை உறிஞ்சியெடுக்கும் நிலையம் தொலைவில், இரவு நேரம், பார்ப்பவர் இல்லை. "இத்தனை பெரிய கடலில் என் ஒருவனுடைய கழிவால் என்ன ஆகிவிடும்?" என்று மனம் வழக்காடத் தொடங்குகிறது.

அவ்வழக்கை எளிதில் தள்ளிவிட முடியாது. இரண்டு குல்லத் அளவை எட்டிய நீர், நிறமோ சுவையோ வாடையோ மாறாதவரை, அசுத்தம் விழுந்ததால் நஜிஸ் ஆகாது என்று ஷாஃபிஈ சட்டநூல்களே கூறுகின்றன. கடலோ எத்தனை கோடி குல்லத்! ஆனால் மக்கள் நடக்கும் பாதையிலும், இளைப்பாறும் நிழலிலும், அவர்கள் வந்திறங்கும் நீர்த்துறையிலும் மலஜலம் கழிப்பதை அதே நூல்கள் தடுக்கின்றன. அங்கே பேசப்படுவது பின்னே வருபவருக்கு நேரும் தொல்லை. உளூச் செய்பவனுக்கு அளித்த சலுகையைக் கழிவு விடுபவன் தனக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்வது எங்ஙனம் பொருந்தும்?

மேலும், கடல் பெரிதாயினும் படகு நங்கூரமிடும் குடா சிறியது. சிப்பிகள் அந்நீரை வடிகட்டியே உண்கின்றன. அதிலுள்ள நோய்க்கிருமிகள் அவற்றின் உடலில் சேர்ந்து, உண்பவரை வந்தடைகின்றன. சிப்பிப் படுகைகள் நிறைந்த, வாஷிங்டன் மாநிலத்துப் பியூஜெட் சவுண்ட் கடற்பகுதியில், சுத்திகரித்த கழிவைக்கூட விடலாகாதென 2018இல் விதி செய்தார்கள்.

அறுபடக்கூடிய கட்டினால் பயன் என்ன என்று சிலர் நகைப்பர். நாம் அதை இகழமாட்டோம். கட்டில்லாத வால்வு கைபட்டுத் திரும்பிவிட்டதென்று சொல்லித் தப்பலாம். கட்டை அறுத்தவனுக்கு அந்தச் சாக்கு இல்லை. கத்தியை எடுத்தபோதே அவனது நிய்யத் வெளிப்பட்டுவிடுகிறது.

ஆயினும் நிரம்பிய தொட்டியருகே, நள்ளிரவில், மனிதனைச் சோதனைக்குள்ளாக்குவானேன்? குழாய் அமைக்கும் பகலிலேயே இதைத் தீர்த்துவிடலாம். இரண்டு நாள் பயணத்துக்கு நான்கு நாள் கணக்கில் தொட்டிக்கு இடம் ஒதுக்கட்டும். 3 மைலைத் தாண்டாதவர் கைப்பிடியைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் புறப்படட்டும்.