இடிபாடும் வாரிசும்

இடிபாடுகளை ரசிக்கும் பழக்கம் நமக்குப் புதிது. ஸ்ரீரங்கத்தின் தெற்கு ராஜகோபுரம் விஜயநகர காலத்தில் தொடங்கப்பட்டு அடிநிலையோடு நின்றுபோயிற்று. நானூறு ஆண்டுகளுக்கு மேல் அப்படியே இருந்தது. அது இடிந்ததல்ல, முடியாதது. ஆனால் கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஊர் அதற்கு வைத்த பெயர் மொட்டைக் கோபுரம். அந்தப் பெயரில் கேலி உண்டு, ஒட்டுதல் உண்டு, ரசனை இல்லை. 1987ல் 13 நிலைகளோடு 236 அடிக்கு அது எழுந்தபோது ஒரு குறை தீர்ந்ததாகவே ஊர் நினைத்தது. பின்னமான விக்ரகம் பூஜைக்கு ஆகாது, சிதிலமானதை ஜீர்ணோத்தாரணம் செய்தாக வேண்டும் என்று எண்ணுகிற சமூகத்தில் இடிபாடு தனி அழகாக மதிக்கப்பட வழியில்லை.

அந்த ருசி ஆங்கிலப் பாடப் புத்தகம் வழியாக நம்மிடம் வந்தது. 1798ல் வேர்ட்ஸ்வொர்த் எழுதிய கவிதையின் தலைப்பில் டின்டர்ன் மடம் இருக்கிறது, கவிதைக்குள் இல்லை. அவருக்கு முன்பே, 1782ல், வில்லியம் கில்பின் என்ற பாதிரியார் வை நதிப் பயணம் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். நிலக்காட்சியை ஓவியமாகப் பார்க்க ஒரு தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்த புத்தகம். டின்டர்னின் முகட்டுச் சுவர்கள் அளவுக்கு மீறி ஒழுங்காக இருப்பது கில்பினை உறுத்துகிறது. பக்குவமாகச் சுத்தியலால் கொஞ்சம் உடைத்துவிட்டால் தேவலை என்கிறார். அதே புத்தகத்தில், அந்த இடிபாட்டில் ஒண்டியிருந்த ஏழைகளையும் பார்க்கிறார். நடக்க மாட்டாத ஒரு பெண், துறவிகளின் நூலகத்தைக் காட்டுவதாக அழைத்துப் போய், ஈரம் கசியும் தன் இருப்பிடத்தைக் காட்டுகிறாள். கில்பின் மனம் கலங்காமல் இல்லை. ஆனால் சுத்தியலையும் அந்தப் பெண்ணையும் அவர் சேர்த்து யோசிக்கவில்லை. அப்படி யோசிக்காமல் இருப்பதில்தான் இந்த ரசனையே சாத்தியமாகிறதோ என்பது என் சந்தேகம்.

சந்தேகத்தைத் தனுஷ்கோடியில் வைத்துப் பார்க்கலாம். 1914லிருந்து எழும்பூர் போட் மெயில் திருச்சி வழியாக அங்கே போயிற்று. அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். 1964 டிசம்பர் 22 இரவு புயலோடு கடல் ஊருக்குள் வந்தது. பாம்பனிலிருந்து போன பாஸஞ்சர் ரயிலில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ரயில் நிலையம், தபாலாபீஸ், வீடுகள் எல்லாம் போயின. சர்ச்சின் சுவர்கள் கூரையில்லாமல் நிற்கின்றன. காரை உதிர்ந்து உள்ளிருந்த பவளக்கற்கள் தெரிகின்றன. 2017ல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டபின் அந்தச் சுவர் முன் நின்று படம் எடுக்காதவர் அபூர்வம்.

அது அழகாக இருக்கிறது. இதை மறுத்துவிட்டுத் தார்மீகம் பேசுவது சுலபம், பொய்யும்கூட. கூரையுள்ள சர்ச்சில் எல்லாமே கண்ணைப் பீடத்துக்கு இழுக்கின்றன. அங்கே சுவரைச் சுவராகப் பார்க்க அவகாசமில்லை. கூரை போனபின் பீடமிருந்த இடத்தில் வானம் வந்து நிற்கிறது. பயன் கழன்றுபோய் உருவம் மிஞ்சுகிறது. கான்ட் அழகைப் பற்றிச் சொன்னதற்கு இதைவிட ஸ்தூலமான உதாரணம் கிடைக்காது.

ஆனால் பயன் தானாகக் கழன்றுவிடவில்லை. டின்டர்னில் அதைக் கழற்றியவன் ஓர் அரசன்: 1536ல் எட்டாம் ஹென்றி மடத்தைப் பறித்துக்கொண்டான். தனுஷ்கோடியில் கடல். கடல்மீது குற்றம் சுமத்த முடியாது. அதனாலேயே பார்க்கிறவனுக்கும் பொறுப்பில்லை என்று ஆகிவிடுமா? ஊர் குடியிருக்க லாயக்கற்றது என்று அரசாங்கம் அறிவித்தபின்னும் மீனவக் குடும்பங்கள் அங்கே ஓலைக் குடிசைகளில் வாழ்கின்றன. சர்ச்சுக்குப் பக்கத்தில் சங்கும் சோழியும் விற்கிறார்கள். நாம் எடுக்கும் படங்களில் அவர்கள் விழாதபடி நகர்ந்து நின்றுகொள்கிறோம். கில்பினின் சுத்தியல் இப்போது இப்படி வேலை செய்கிறது. உடைப்பதற்குப் பதில் விலக்கிவைக்கிறது.

வங்கியில் பத்து வருஷமாக யாரும் தொடாத கணக்குகள் வரும். மங்கிய கையெழுத்து, பழைய விலாசம், சொற்பப் பாக்கி. அவற்றிலும் ஒரு சோக அழகு உண்டு. ஆனால் ஆபீஸ் அதைக் கேட்பதில்லை; வாரிசு யார் என்று கேட்கிறது. வறட்டுத்தனமான இந்தக் கேள்வியை நம் அழகியலுக்குள் கொண்டுவரவேண்டும் என்கிறேன். இடிபாட்டின் முன் மௌனம் கூடாது என்றோ, அதைச் சிமெண்ட் பூசிப் புதுப்பிக்கவேண்டும் என்றோ சொல்லவில்லை. பூச்சும் ஒரு மறதிதான். இது யாருடைய கூரை, அவர்கள் எங்கே என்பது தெரிந்தபின்னும் நிற்கும் அழகுதான் நம்பத்தக்கது.

திருச்சி செயின்ட் ஜான்ஸ் சர்ச்சில் பிஷப் ஹீபர் புதைக்கப்பட்டிருக்கிறார். 1826 ஏப்ரலில் இங்கே குளிக்கும்போது இறந்தவர். அங்கே இன்றும் ஞாயிற்றுக்கிழமை ஜனங்கள் வருகிறார்கள், கூரை இருக்கிறது. காமிராவோடு எழுத்தாளர் யாரும் அங்கே போவதில்லை. தனுஷ்கோடிச் சர்ச்சும் 1964 டிசம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் இருந்திருக்கும்: அழகென்று யாரும் கவனிக்காத, நிறைந்த ஒரு கட்டிடமாக.