“பாத்துட்டேன்மா”

கடந்த தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வீட்டைச் சுத்தம் செய்யும் வேலை முழுவதும் என் தலையில் விழுந்தது. வழக்கமாக அம்மாதான் செய்வார். அந்த முறை அவருக்கு முழங்கால் வலி, குனிய முடியவில்லை. அப்பாவுக்குச் சிங்கப்பூரில் வேலை. விடியும் முன்னே பாலம் கடந்தால் தெப்ராவ் திரும்ப இரவாகிவிடும். எனக்கோ செமஸ்டர் விடுமுறை. தப்பிக்க வழியே இல்லை.

நானும் ஒழுங்காகத்தான் செய்தேன். காற்றாடி இறக்கைகளைத் துடைத்தேன். ஜன்னல் கண்ணாடிப் பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழுவினேன். முன் கேட்டுக்குச் சாயம் அடித்தேன். சாமி மேடையில் இருந்த குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்ததில் என் முகம் அதில் தெரிந்தது. தீபாவளியன்று திறந்த இல்லம் வைப்போம். பல்கலைக்கழக நண்பர்கள், அப்பாவின் வேலையிட நண்பர்கள், தாமானில் உள்ள சீன, மலாய்க் குடும்பங்கள் எல்லாரும் வருவார்கள். வருகிறவர்களின் கண் எங்கெல்லாம் போகுமோ அங்கெல்லாம் பளபளவென்று இருந்தது.

சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அம்மா கேட்டார்: “ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி ஒரு தட்டு இருக்குமே, அதப் பாத்தியாய்யா?”

“பாத்துட்டேன்மா.”

நான் பார்க்கவில்லை. ஃப்ரிட்ஜை இழுக்க வேண்டும், இழுத்தால் மேலே அடுக்கியிருக்கும் பலகார டின்களை இறக்க வேண்டும், ஏற்கெனவே மணி ஆறு. அதுவும் போக, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

தீபாவளி முடிந்து இரண்டாவது வாரம் பக்கத்து வீட்டுப் பாட்டிக்குக் காய்ச்சல். கிளினிக்கில் மருந்து வாங்கிக் குடித்தும் இறங்கவில்லை. நான்காம் நாள் மருத்துவமனையில் சேர்த்தார்கள். டிங்கி. இரத்தத் தட்டணு வேகமாக இறங்குகிறது என்று அவருடைய மகள் எங்கள் வீட்டு வாசலில் நின்று அழுததை நான் மாடியிலிருந்து கேட்டேன். ஒரு வாரத்துக்குப் பிறகு பாட்டி வீடு திரும்பிவிட்டார், அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அவர் மருத்துவமனையில் இருந்த நாட்களில் சுகாதார இலாகா அதிகாரிகள் எங்கள் வரிசை வீடுகளுக்குள் வந்தார்கள். குளியலறைத் தொட்டி, பூச்சாடி, கூரைத் தண்ணீர் ஓடும் கால்வாய் எல்லாவற்றிலும் டார்ச் அடித்தார்கள். ஒருவர் நேராக எங்கள் சமையலறைக்குப் போய், ஃப்ரிட்ஜைச் சற்றே நகர்த்தி, அந்தத் தட்டை உருவினார். பழுப்புத் தண்ணீர். அதில் கமா போல வளைந்து வளைந்து நெளியும் புழுக்கள். ஏடிஸ். 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தின் கீழ் 500 ரிங்கிட் அபராதம். அப்பா கட்டிவிட்டு, “தீபாவளி செலவோட செலவு”ன்னு சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

பாட்டியைக் கடித்த கொசு எங்கள் வீட்டுக் கொசுதானா? நிரூபிக்கவே முடியாது. தாமானில் எத்தனை வீடு, எத்தனை சாடி. ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை. என்னைக் குடைந்த கேள்வி இதுதான்: பார்க்காமல் விட்ட ஒன்றால் இன்னொருவருக்குத் தீங்கு வந்தால், அது என் குற்றமா? நான் கொசு வளர்க்கவில்லை. பாட்டி மேல் எனக்குப் பிரியம்தான்; அவர் தரும் அதிரசத்தில் பாதி என் வயிற்றுக்குத்தான் போகும். நான் செய்தது ஒன்றுமே இல்லை. அந்த ‘ஒன்றும் செய்யாதது’தான் தொல்லை.

பொறியியல் மாணவன் என்பதால் முதலில் அந்தத் தட்டின் மேலேயே பழி போடப் பார்த்தேன். குளிர்ப்பகுதியில் படியும் பனி உருகி, குழாய் வழியே இறங்கி, கம்ப்ரெசருக்கு மேலே உள்ள தட்டில் சேரும். கம்ப்ரெசர் சூட்டில் அது தானாக ஆவியாகிவிட வேண்டும். நம் கண்ணில் படாமலே வேலை முடியட்டும் என்று வடிவமைத்த அமைப்பு. ஆனால் ஜொகூர் ஈரக்காற்றில், நாளுக்கு நாற்பது தடவை கதவைத் திறக்கும் வீட்டில், சேருவதைவிட ஆவியாவது குறைவு. தண்ணீர் தங்கும். ஏடிஸ் முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். முட்டைகள் தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். புகை அடிப்பதும் பறக்கும் கொசுவைத்தான் கொல்லும், புழுவை அல்ல. 2019-இல் மட்டும் நம் நாட்டில் 1 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் அதிகமான டிங்கி சம்பவங்கள், 182 மரணங்கள். அந்தக் கணக்கில் எத்தனை ஃப்ரிட்ஜ் தட்டுகள் இருந்தனவோ.

எங்கள் பாடத்தில் எஃப்.எம்.இ.ஏ. என்று ஒரு முறை உண்டு. இயந்திரத்தில் என்னென்ன பழுதாகலாம் என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் மூன்று எண் கொடுப்போம்: எவ்வளவு கடுமையானது, எவ்வளவு அடிக்கடி வரும், கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம். மூன்றையும் பெருக்கினால் ஆபத்தின் அளவு. மூன்றாவது எண்ணில் கண்ணுக்குத் தெரியாத பழுதுக்குத்தான் அதிக மதிப்பு. முகத்துக்கு நேரே தெரிவதற்குக் குறைவு. தேர்வில் இதை எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். வீட்டில் கணக்கைத் தலைகீழாகப் போட்டிருக்கிறேன்.

சரி, நம் சமயம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று தேடினேன். ஆச்சரியமாக, நான் தேடியது கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. இல்லறத்தானுக்கு வீட்டுக்குள்ளேயே ஐந்து கொலைக்களங்கள் உண்டு என்று மனு நூலின் மூன்றாம் அத்தியாயம் சொல்கிறது: அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், தண்ணீர்க் குடம். (அந்த நூலில் என்னால் ஏற்க முடியாதவை நிறைய உண்டு. இது அதில் சேராது.) அடுப்பு மூட்டும்போது, கூட்டும்போது, தண்ணீர் வைக்கும்போது நமக்குத் தெரியாமலே சிற்றுயிர்கள் சாகின்றன. வேண்டுமென்று யாரும் செய்வதில்லை. ஆனாலும் ‘வேண்டுமென்று செய்யவில்லை, விடு’ என்று நூல் விடவில்லை. அழுது புலம்பவும் சொல்லவில்லை. தினமும் ஐந்து வேள்விகளைச் செய் என்கிறது: வேதம் ஓதுதல், முன்னோர்க்கு நீர், தேவர்க்கு ஆகுதி, உயிர்களுக்கு உணவு, விருந்தினர்க்கு உபசரிப்பு. வீடு என்று ஒன்று இருந்தாலே அதிலிருந்து யாருக்காவது தீங்கு கசியும். அதற்குப் பதில், ஓயாமல் செய்யும் கடமை. துடைப்பமும் தண்ணீர்க் குடமும் அந்தப் பட்டியலில் இருப்பதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது.

ஆனால் அதை வைத்து நான் தப்பிக்கவும் முடியாது. அந்த ஐந்தும் தவிர்க்க முடியாத தீங்குகள். என்னுடையது அப்படியா? அம்மா கேட்டார். தட்டு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ‘தெரியாது’ வேறு, ‘தெரிஞ்சுக்க விரும்பல’ வேறு. முதலாவதை அறியாமை என்று சொல்லலாம். இரண்டாவதற்கு நல்ல பெயர் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. அதன் மேலே ஒரு பொய்யையும் வைத்து மூடியிருந்தேன். யாரையும் ஏமாற்ற நினைக்காத, அம்மாவின் வாயை அடைக்க மட்டும் சொன்ன சின்னப் பொய். புறத்தூய்மைக்கு நீர், அகத்தூய்மைக்கு வாய்மை என்று வள்ளுவர் பிரிப்பதை ஆரம்பப் பள்ளியிலேயே மனப்பாடம் செய்திருக்கிறேன். அன்று என் வீட்டில் இரண்டும் ஒரே தட்டில் கெட்டுப்போயிருந்தன.

நண்பன் ஒருவனிடம் இதைச் சொன்னேன். “டேய், அது பாட்டியோட கர்மா. வரணும்னு இருந்தா வரும். நீ ஏன் மண்டையப் போட்டு ஒடச்சிக்கிற?” என்றான். ஆறுதலுக்குத்தான் சொன்னான். நாமும் இப்படிச் சொல்கிறவர்கள்தான். ஆனால் இது சரியில்லை என்று நினைக்கிறேன். வினைப்பயன் என்பது என் வினையை நான் பார்ப்பதற்கு. பாட்டியின் முற்பிறவிக் கணக்கைத் திறந்து பார்க்க எனக்கு யார் சாவி கொடுத்தது? அடுத்தவர் துன்பத்தைக் கர்மா என்று முடித்துவைப்பது, ஃப்ரிட்ஜைத் திரும்பச் சுவரோடு தள்ளிவைப்பது போலத்தான்.

இன்னொரு எதிர்க்கேள்வி நியாயமானது: எல்லா மூலையையும் ஒருவன் பார்க்க முடியுமா? முடியாது. கூரை ஓட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்குத் தோன்றுவது: ஒரு இடம் நினைவுக்கு வந்த பிறகு, அல்லது ஒருவர் கேட்ட பிறகு, அதைப் பார்க்காமல் விட்டால் கணக்கு என் பேரில் ஏறிவிடுகிறது. ‘யாரும் கவனிக்காத இடம்’ என்று சொல்கிறோமே, அதுவும் பொய்தான். இருபது வருடமாக அம்மா அந்தத் தட்டைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தார். அவர் கவனித்ததை நாங்கள் கவனிக்கவில்லை.

அழுக்கை எடுத்து எங்கே போடுகிறோம் என்பதும் இதில் சேரும். அந்தத் தீபாவளிக்கு நான் கழித்த பழைய சாய டின்கள், ஒரு டயர், உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் பின்சந்துக்குப் போயின. வாரத்தில் ஒரு நாள் பெரிய குப்பைகளை எடுக்க லோரி வருகிறது. அந்த நாள் வரை அவற்றை வீட்டுக்குள் வைத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. மழைக்காலம் வேறு. 2019 மார்ச்சில் நமக்குப் பக்கத்தில், பாசிர் கூடாங்கில், கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டினார்களே, நினைவிருக்கிறதா? ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறலோடு சிகிச்சைக்குப் போனார்கள், 111 பள்ளிகளை மூடினார்கள். அப்போது பள்ளி மாணவனாக இருந்த நான் “எப்படித்தான் மனசு வந்துச்சோ” என்று பேசிக்கொண்டிருந்தேன். என் சாய டின்னை அதோடு ஒப்பிட முடியாதுதான். ஆனால் அந்த மனசு எப்படி வரும் என்பது இப்போது கொஞ்சம் புரிகிறது. கண்ணுக்கு மறைவாக ஒரு இடம் இருந்தால் போதும்.

நம் இயக்கத்தில் பலரும் உழவாரப் பணிக்குப் போகிறவர்கள். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் உண்மையைச் சொல்லுங்கள், நாம் கோபுர வாசலையும் மண்டபத் தூண்களையும்தானே முதலில் பிடிக்கிறோம்? படம் அங்கேதான் நன்றாக வரும். கோமுகிக்குக் கீழே அபிஷேகத் தண்ணீர் தேங்கும் குழி, பின்புறம் குவிந்த அகல் விளக்குகள், சிதறுதேங்காய் ஓடுகள்: மழை பெய்தால் ஒவ்வொன்றும் ஒரு ஃப்ரிட்ஜ் தட்டு. அப்பர் சுவாமிகள் ஏழாம் நூற்றாண்டில் உழவாரப்படையைத் தோளில் சுமந்து போய்ச் செதுக்கியது கோயில் முற்றத்துப் புல்லை. திருப்புகலூரில் அந்தப் புல்லோடு பொன்னும் மணியும் கிடந்தபோது, இரண்டையும் ஒன்றாகவே வாரிக் குளத்தில் எறிந்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. சின்ன வயதில் இதைப் பற்றின்மைக்குக் கதையாகச் சொல்லிக் கேட்டேன். இப்போது எனக்கு அவருடைய கண்தான் தெரிகிறது. முன்னால் இருக்கும் புல்லைத் தவிர வேறெங்கும் போகாத கண்.

பாட்டியிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் தேறி வந்து ஒரு மாதம் கழித்துப் போனேன். வராந்தாவில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். ஃப்ரிட்ஜ் தட்டு, அம்மா கேட்டது, நான் சொன்ன பொய், 500 வெள்ளி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

“எங்க வூட்லயும்தான்யா புழு இருந்துச்சு,” என்றார் கடைசியில். “தொளசிச் செடி தட்டுல. தெனமும் சாமி கும்புடுற எடம். எம்மவ அபராதம் கட்டுனா. வெக்கமா போச்சு, யார்கிட்டயும் சொல்லல.”

அதைக் கேட்டதும் எனக்கு அப்பாடா என்றிருந்தது. என் வீட்டுக் கொசுவாக இல்லாமலும் இருக்கலாமே! அடுத்த நொடியே அந்த ‘அப்பாடா’வை நினைத்துக் கூசியது. நோயில் கிடந்தவர் தன் குற்றத்தைச் சொல்கிறார், நான் அதில் என் பங்கைக் கழித்துக்கொள்கிறேன்.

“சும்மா நிக்காத. பிரஷ் அங்க இருக்கு. எனக்குக் குனிய முடியாது,” என்றார். துளசிச் சாடியைத் தூக்கிவைத்துவிட்டு, தட்டின் ஓரத்தில் கரும்பொடி போல ஒட்டியிருந்ததைத் தேய்த்தேன். பாட்டி குடுவையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, “இன்னும் அந்த ஓரம்... அந்த ஓரம்” என்றார்.

இப்போது சனிக்கிழமைதோறும் இரண்டு வீடு. அம்மாவின் முழங்கால் ஓரளவு சரியாகிவிட்டது, ஆனால் ஃப்ரிட்ஜ் என்னிடமே இருக்கிறது. “பாத்தியாய்யா?” என்று அவர் கேட்டால் நான் பதில் சொல்வதில்லை, தட்டையே கொண்டுபோய்க் காட்டுகிறேன். “சோறு திங்கிற எடத்துல ஏன்டா அதக் கொண்டாற” என்று விரட்டுகிறார்.