உழவாரமும் வில்லும்

மாவட்ட அரசு இசைப்பள்ளிகளின் சேர்க்கை அறிவிப்பில் வயது 12 முதல் 25 வரை என்றிருக்கும். கடலூர்ப் பள்ளிக்கும் அதே கணக்குத்தான். ஐம்பதைத் தாண்டியபின் பிடில் மேல் ஆசை வந்தவர், வீட்டில் வைத்துச் சொல்லித்தரும் வாத்தியாரைத்தான் தேடிப் போக வேண்டும்.

வாத்தியார் கிடைத்துவிடுவார். சிக்கல் அதற்குப் பிறகுதான். தரையில் சம்மணமிட்டு, பிடிலின் தலையை வலது கணுக்காலில் ஊன்றி, ஸ-ப-ஸ-ப என்று சுருதி கூட்டிய நான்கு தந்திகளில் மாயாமாளவகௌளை சரளிவரிசை தொடங்கும். வீணைக்கு 24 மெட்டு உண்டு. விரல் போய் உட்கார ஓர் இடம் இருக்கிறது. பிடிலில் அது கிடையாது. நூலளவு தப்பினாலும் ரிஷபம் கோணும். கோணியதைக் கண்டுபிடிப்பது கற்றுக்கொள்பவரின் காதேதான்: முப்பது வருடமாக லால்குடி ஜெயராமனையும் எம்.எஸ். கோபாலகிருஷ்ணனையும் கேட்டுக் கேட்டுப் பழுத்த காது. எட்டு வயதுப் பிள்ளைக்கு இந்தத் தொல்லை இல்லை. தன் கீச்சொலியை அது காதில் போட்டுக்கொள்வதே இல்லை. அடுத்த வரிசைக்கு ஓடிவிடும். பெரியவருக்கோ காது எங்கோ முன்னால் போய் நின்றுகொண்டு விரலைத் திட்டியபடியே இருக்கிறது. பாதிப் பேர் பிடிலைப் பெட்டியில் வைத்து மூடுவது விரல் வலியால் அல்ல, இந்தத் திட்டுத் தாங்காமல்தான்.

சைவ சித்தாந்தி இதைப் பார்த்தால் ஆணவம் என்பார். திமிர் என்ற பொருளில் இல்லை. உயிரின் அறிவை மூடிக்கொண்டு, இருக்கிற கொஞ்சத்தையே முழுசு என்று நம்பவைக்கும் இருள் அது. செம்பில் களிம்பு போலக் கூடவே பிறந்தது என்பார்கள்.

அந்தத் தத்துவத்துக்கு உருக்கொடுத்தவர்கள் பெரும்பாலும் கடலூர்ச் சீமைக்காரர்களே. மெய்கண்டார் பெண்ணாடத்தில் பிறந்தவர். உமாபதி சிவம் சிதம்பரத்துத் தீட்சிதர். நடுவில் வரும் அருணந்தி திருத்துறையூர்க்காரர், ஆகமம் அத்தனையும் கரைத்துக் குடித்ததால் சகலாகம பண்டிதர் என்று பேர் வாங்கியவர், மெய்கண்டாரின் குடும்பத்துக்கே குரு. திருவெண்ணெய்நல்லூரில் ஒரு சிறுவன் பாடம் சொல்கிறான் என்று கேள்விப்பட்டுப் போய், ஆணவ மலத்தின் இலக்கணம் என்ன என்று கேட்டாராம். அந்தச் சிறுவன்தான் மெய்கண்டார். வாய் திறக்கவில்லை. எதிரே நின்றவரையே சுட்டிக் காட்டினான். பண்டிதர் காலில் விழுந்தார்.

இதை வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் கதை அதோடு முடியவில்லை என்பதுதான் முக்கியம். அருணந்தி தன் படிப்பைத் தூக்கி எறிந்துவிடவில்லை. மெய்கண்டாரின் 12 சூத்திரமே கொண்ட சிவஞானபோதத்தை விரித்துச் சிவஞான சித்தியாரை எழுதியபோது அத்தனை ஆகமப் படிப்பும் வேலைக்கு வந்தது. பழைய அறிவு அப்படியே இருந்தது, அது உட்கார்ந்திருந்த நாற்காலிதான் பறிபோனது. பழுத்த காதுக்காரரும் காதைக் கழற்றி வைக்க வேண்டாம். அது நீதிபதியாக இருப்பதை விட்டுவிட்டால் போதும்.

பக்குவத்துக்குச் சித்தாந்தம் வயது வரம்பு போடவில்லை. சம்பந்தருக்கு மூன்று வயதில் பாட்டு வந்தது. திருவாமூரில் பிறந்த அப்பருக்கோ, பாடலிபுரத்துச் சமண மடத்தில் தருமசேனராகத் தலைமை வகித்து, சூலை நோயில் துடித்து, தமக்கை திலகவதியாரைத் தேடித் திருவதிகைக்கு வந்தபிறகுதான் முதல் பதிகமே. அந்தப் பாடலிபுரம் இன்றைய கடலூரின் திருப்பாதிரிப்புலியூர்.

கைக்கும் காதுக்கும் உள்ள இடைவெளி கற்றுக்குட்டிக்கு மட்டும் உரியதும் அல்ல. விருத்தாசலம் பக்கத்து எருக்கத்தம்புலியூரில் பிறந்த திருநீலகண்ட யாழ்ப்பாணர் சம்பந்தருக்கு யாழ் வாசித்தவர். அவர் வாசிப்பதால்தான் பதிகத்துக்குப் புகழ் என்று சுற்றத்தார் பேச, அவரே கூசிப்போய், யாழில் அடங்காத ஒன்றைப் பாடச் சொன்னார். தருமபுரத்தில் சம்பந்தர் பாடினார். தந்தியில் அது ஏறவில்லை. யாழை உடைக்க ஓங்கிய கையைச் சம்பந்தர்தான் பிடித்து நிறுத்தினார். அந்தப் பதிகத்துக்கு யாழ்முரி என்று பெயர் நின்றது. அத்தனை பெரிய வித்வானுக்கே கருவியை உடைக்கத் தோன்றிய கணம் ஒன்று உண்டு என்பது, இரண்டாம் மாதத்தில் ஜண்டைவரிசையோடு மல்லுக்கட்டுகிறவருக்குக் கொஞ்சம் ஆறுதல்.

சரி, கோணலாக வரும் ஸ்வரத்தை ஆண்டவன் காதில் போடலாமா? மார்கழி விடியலில் பஜனைக் கோஷ்டியோடு தெருவில் நடக்கிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. கூட்டத்தில் ஒரு குரல் சுருதி விலகினால் பக்கத்துக் குரல் அதை மூடிக்கொண்டு போகும். கச்சேரி மேடையில் தப்பு தப்புத்தான். பஜனையில் ஒரு குரலைத் தனியே பிரித்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. பிற்காலத்தில் தொடங்குகிறவருக்கு மேடையைவிடத் தெருவே நல்ல பள்ளிக்கூடம் என்று தோன்றுகிறது.

பெரியபுராணத்தில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. திருவீழிமிழலைப் பஞ்சத்தில் அப்பருக்கும் சம்பந்தருக்கும் நாள்தோறும் ஒரு பொற்காசு கிடைத்தது. சம்பந்தர் காசுக்கு வட்டம், அதாவது கழிவு, பிடித்தார்கள். அப்பர் காசு குறையில்லாமல் செல்லுபடியானது. காரணம், அப்பர் பாட்டோடு நிற்காமல் உழவாரம் பிடித்துக் கோயில் புல்லைச் செதுக்கியவர், கைத்தொண்டு செய்தவர். சம்பந்தர் அதற்கும் ஒரு பதிகம் பாடிக் குறையைத் தீர்த்துக்கொண்டார். ஐம்பதைத் தாண்டி வில் பிடித்தவருக்கு அந்த வசதி கிடையாது. நாளைக் காலையிலும் ஸட்ஜத் தந்தியில் அதே நீண்ட இழுப்பு, அடுக்களையில் குக்கர் விசில் அதற்குப் பக்கவாத்தியம்.