பாடம் இலவசம், நேரம்?

ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்களை யார் வேண்டுமானாலும் கேட்க, 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிக் கல்வித் திட்டம் வழிசெய்தது. நுழைவுத்தேர்வு கிடையாது, வயது வரம்பும் கிடையாது. சான்றிதழ் வேண்டுவோருக்கு மட்டும் தேர்வுக் கட்டணம்.

ஆனால், இணைய வகுப்புகளில் பதிவு செய்பவர்களில் பெரும்பாலோர் முடிப்பதில்லை. முதல் வாரம் ஆர்வம், மூன்றாம் வாரம் அசைன்மென்ட் பாக்கி, அப்புறம் அந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. சோம்பல் என்று சொல்லிவிடுவது சுலபம். நைட் ஷிப்ட் முடித்து வருபவருக்கு எங்கே நேரம்? ஒரே கைப்பேசியை மூன்று பேர் பங்கிடும் வீட்டில் எங்கே தனிமை? சந்தேகம் கேட்கவும் பக்கத்தில் ஆளில்லை. பாடத்துக்குத்தான் விலையில்லை, படிக்கும் நேரத்துக்கு உண்டு.

12 வாரப் பாடம் மலைப்பாக இருந்தால் 4 வாரப் பாடங்களும் இருக்கின்றன. கூடப் படிக்க ஒருவரைச் சேர்த்துக்கொண்டு அதில் ஆரம்பியுங்கள்.