பொருத்தமானவர் எவருமில்லை

போன மாசம் என் அக்கா மகன் வீட்டுக்கு வந்திருந்தான். பி.இ. முடிச்சு ரெண்டு வருஷமாச்சு. சென்னையில் ஒரு தனியார் கம்பெனியில் எழுத்துத் தேர்வில் தேறி, நேர்காணலுக்கு அழைப்பு வந்திருந்தது. மூணு பேர் உட்கார்ந்து கேள்வி கேட்பார்களாம். சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது மெதுவாகக் கேட்டான்: "மாமா, நேட்டிவ் எது, நேட்டிவ்ல எந்தப் பக்கம்னு கேட்டா இன்னா சொல்றது?"

நான் யோசிக்கவே இல்லை. "திண்டிவனம் பக்கம்னு சொல்லு. துருவிக் கேட்டா கிராமத்துப் பேரச் சொல்லு. தெரு வரைக்கும் போவாத. அப்பா இன்னா பண்றாருன்னா விவசாயம்னு சொல்லிடு" என்றேன். அவன் அப்பாவுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. செங்கல் சூளையில் கல் அறுக்கிறார். பையன் தலையாட்டிவிட்டு பஸ் பிடித்துப் போய்விட்டான்.

எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நேர்காணலுக்குப் போவது எப்படி, தலைவனாவது எப்படி என்றெல்லாம் புத்தகம் போட்டு விற்கிறார்கள். கையை எப்படிக் குலுக்குவது, என்ன நிறத்தில் சட்டை போடுவது, கண்ணைப் பார்த்துப் பேசுவது என்று அதில் எல்லாம் இருக்கும். நான் சொன்ன யோசனை மட்டும் எந்தப் புத்தகத்திலும் இருக்காது. அது நம் வீடுகளில் வாய் வழியாக மட்டுமே வருகிற பாடம். எனக்கு என் சித்தப்பா சொன்னார், நான் இவனுக்குச் சொல்லிவிட்டேன். சொன்னது சரியா என்பது ஒரு கேள்வி. அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்பது இன்னொரு கேள்வி. ஏனென்றால் நான் அந்த மேசைக்கு அந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன்.

1997. நான் வேலை பார்த்தது ஒரு பொதுத்துறை நிறுவனத்தில். மேற்பார்வையாளர் பயிற்சிக்கு ஆள் எடுத்தார்கள். தேர்வுக் குழுவில் எஸ்.சி., எஸ்.டி. பிரிவைச் சேர்ந்த ஒருவர் இருக்க வேண்டும் என்பது அரசின் அறிவுறுத்தல். அப்படித்தான் ஐந்து பேரில் ஒருவனாக என்னைப் போட்டார்கள். என் அறிவுக்காகப் போடவில்லை என்பது எனக்கும் தெரியும், மற்ற நாலு பேருக்கும் தெரியும். நேர்காணலுக்கு 25 மதிப்பெண், ஐந்து கட்டங்கள்: பாட அறிவு, பொது அறிவு, தோற்றமும் பேச்சும், தலைமைப் பண்பு, பணிக்குப் பொருத்தம். ஐந்து பேரும் போடுவதன் சராசரி பத்தைத் தொட்டால்தான் தேர்ச்சி.

காலையில் ஒரு பையன் வந்தான். பொதுப் பிரிவு. இங்கிலீஷ் தண்ணி மாதிரி ஓடியது. தலைவர் கேட்ட முதல் கேள்வியே அப்பா எங்கே வேலை என்பதுதான். சொன்னான். "ஓ, அவரா!" என்று தலைவர் சிரித்தார். அறை முழுக்கச் சூடு குறைந்த மாதிரி ஆகிவிட்டது. தலைமைப் பண்பு பற்றிக் கேட்டார்கள். பள்ளியில் மாணவர் தலைவன், கல்லூரியில் கிரிக்கெட் கேப்டன். நாலு பேரும் தாராளமாகப் போட்டார்கள். நானும் 17 போட்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பெண் வந்தது. பி.எஸ்சி. வேதியியல், முதல் வகுப்பு. நம் பொண்ணு. இடஒதுக்கீட்டு இடத்துக்கு வந்த விண்ணப்பம் என்பதால் சாதி தாளிலேயே இருந்தது, கேட்கவேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் கேட்டார்கள். அப்பா என்ன செய்கிறார்? கூலி வேலை. சொந்த நிலம் உண்டா? இல்லை. வீட்டில் வேறு யாராவது படித்திருக்கிறார்களா? இல்லை. இந்த மூன்று கேள்விக்கும் வேதியியலுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. பிறகு அதே தலைமைப் பண்பு. அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, இங்கிலீஷில் ஆரம்பித்து, திணறி, தமிழுக்கு வந்தது. "லீவுல நடவுக்கு ஆள் கூட்டிட்டுப் போவேன் சார். முப்பது பொம்பளைங்க. கூலி பேசுறது நாந்தான். போன வருஷம் அஞ்சு ரூபா ஏத்திக் கேட்டோம். நாலு நாள் யாரும் கழனியில எறங்கல. அஞ்சாம் நாளு குடுத்துட்டாங்க."

ஒருத்தர் சிரித்துக்கொண்டே, "யூனியன் லீடர் ஆயிடுவ போல இருக்கேம்மா" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

அந்த 'நானும்தான்' என்பதை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

மற்ற நாலு பேர் போட்டது 8, 9, 7, 9. நான் 11 போட்டேன். தலைமைப் பண்பில் ஐந்துக்கு இரண்டு. பையனுக்கு அதே கட்டத்தில் நாலு போட்ட பேனா. கூட்டிப் பாருங்கள்: 44, சராசரி 8.8. பையனுக்குப் போட்ட 17ஐ இவளுக்கும் போட்டிருந்தால் 50, சராசரி சரியாகப் பத்து. அவள் உள்ளே வந்திருப்பாள். கூட்டல் தெரியாமல் நான் செய்யவில்லை. மற்றவர்கள் போட்டதைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நம்ம ஆளுக்குத் தூக்கிப் போட்டான் என்று நாளைக்குப் பேச்சு வரக்கூடாது என்ற ஒரே பயம். சாயந்திரம் தலைவர் என் தோளைத் தட்டி, "நீங்க ரொம்ப ஃபேர் சார்" என்றார். எனக்குக் குளிர்ந்துபோச்சு. ஒதுக்கப்பட்ட நாலு இடத்தில் இரண்டு காலி. 'பொருத்தமானவர் எவரும் கிடைக்கவில்லை' என்று தட்டச்சு செய்த தாளில் கடைசிக் கையெழுத்து என்னுடையது. அந்தக் கையெழுத்து இருந்தால்தான் அது சட்டப்படி சுத்தம்.

நடுநிலைமை என்ற சொல்லை நான் அன்றிலிருந்து சந்தேகிக்கிறேன். தலைவர் தனக்குத் தெரிந்தவர் மகனுக்கு அள்ளிப் போட்டார். அதற்குப் பெயர் பாரபட்சம் இல்லை, ஆளை எடை போடும் அனுபவம். நான் 17 போட்டிருந்தால் அதற்குப் பெயர் சாதி. அதாவது நடுநிலை என்பது எல்லோரிடமும் கேட்கப்படுவதில்லை. நிரூபித்துக் காட்டு என்று எங்களிடம் மட்டும் வசூலிக்கப்படுகிறது. சரி, வசூலிக்கிறான், கட்டித்தான் ஆகவேண்டும் என்று வைத்துக்கொண்டாலும், நான் எதை எடுத்துக் கட்டினேன்? ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்பார்கள். என் நல்ல பெயரை அந்தப் பெண்ணின் ஆறு மதிப்பெண்ணைக் கொடுத்து வாங்கினேன்.

இன்னொன்றும் இருக்கிறது. 'தலைமைப் பண்பு' என்று கட்டம் போட்டவர்களுக்குத் தலைமை என்றால் என்ன? முப்பது பெண்களை நாலு நாள் பசியோடு ஒன்றாக நிறுத்தி வைப்பது தலைமை இல்லை, கிரிக்கெட்டில் டாஸ் போடுவது தலைமை. அவர்களுக்குப் புரியாமல் போகவில்லை. நன்றாகப் புரிந்ததால்தான் சிரித்தார்கள். ஆட்களை வேலை வாங்கத் தெரிந்தவன் வேண்டும், ஆட்களுக்காகக் கூலி கேட்கத் தெரிந்தவள் வேண்டாம்.

இதெல்லாம் என் ஒருவனுடைய மனக்கசப்பு என்று யாராவது சொல்லலாம். 1980இல் அஜய் ஹாசியா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரியில் எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்காணலுக்கு 50. ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம்தான், கேட்டதெல்லாம் பெற்றோர் யார், வீடு எங்கே என்பதுதான் என்று மாணவர்கள் முறையிட்டார்கள். மொத்தத்தில் 15 விழுக்காட்டுக்கு மேல் நேர்காணலுக்கு வைப்பது நியாயமில்லை என்றது நீதிமன்றம். அது கல்லூரிச் சேர்க்கை, வேலை இல்லை, ஆனால் கேள்விகள் அதே கேள்விகள். 2016 ஜனவரி 1 முதல் மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்காணலே நீக்கப்பட்டது. ஊழலைக் காரணம் சொன்னார்கள். சாதி என்று யாரும் வாய் திறக்கவில்லை. போகட்டும், நீங்கியது நல்லதுதான்.

தனியாருக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் இல்லை. 2007இல் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். செய்தித்தாள் விளம்பரங்களைப் பார்த்துத் தனியார் கம்பெனிகளுக்கு 4808 விண்ணப்பங்கள் போனது. படிப்பு ஒன்றுதான், பெயர்தான் வேறு. உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம் 0.67. முஸ்லிம் பெயருக்கு 0.33. அதே ஆண்டு ஜோத்காவும் நியூமனும் மனிதவள மேலாளர்கள் 25 பேரிடம் பேசி எழுதினார்கள். திறமை ஒன்றே அளவுகோல் என்று சொல்லிவிட்டு, குடும்பப் பின்னணியைக் கட்டாயம் விசாரிப்போம் என்றும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். இரண்டும் ஒன்றோடொன்று இடிப்பது அவர்களுக்கு உறுத்தவே இல்லை.

அந்த ஆய்வைப் படித்தபோது, நம் பக்கம் பெயரைப் பார்த்து ஒன்றும் தெரியாதே என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். பெரிய காரியம். ஆனால் வெட்டிய வால் கேள்வியாக முளைத்துவிட்டது. 'நேட்டிவ் எது, நேட்டிவ்ல எந்தப் பக்கம்?' வடக்கே ஒரு பெயர் சொல்கிற வேலையை இங்கே இந்தக் கேள்வி செய்கிறது. ஏரிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில் எல்லாம் முடிந்துபோகும்.

அப்படியென்றால் மறைப்பது தப்பா? பொய் எந்த நிலையிலும் கூடாது, கொல்ல வருகிறவன் ஒளிந்திருப்பவனைத் தேடிக் கேட்டாலும் உண்மையைத்தான் சொல்லவேண்டும் என்று 1797இல் காண்ட் எழுதினார். அவரிடம் நேட்டிவ்ல எந்தப் பக்கம் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். எனக்குத் தோன்றுவது இதுதான்: உண்மை கேட்பவனுக்கு அதைக் கேட்கும் உரிமை இருக்கவேண்டும். வேலைக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்றை, என்னைத் தள்ளுவதற்காகவே கேட்பவனுக்கு நான் உண்மையைக் கடன்பட்டிருக்கவில்லை. பாபாசாகேப் அம்பேத்கரே 1917இல் கொலம்பியாவில் படித்துவிட்டு பரோடாவுக்கு வேலைக்கு வந்தபோது, தங்க இடமில்லாமல் பார்சி விடுதியில் பார்சிப் பெயரைப் பதிந்துதான் தங்கினார். அவரைப் பொய்யர் என்று சொல்ல எவனுக்காவது வாய் வருமா? பதினோராம் நாள் ஒரு கூட்டம் தடியோடு வந்து அவரை வெளியேற்றியது.

அந்தப் பதினோரு நாளை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. மறைத்து உள்ளே போகிறவனுக்கு ஒவ்வொரு நாளும் பதினோராம் நாளாக இருக்கலாம். என்னோடு வேலை பார்த்த ஒருவர் முப்பது வருஷம் மறைத்தார். ஆபீசுக்கு அவர் அப்பா ஒருமுறை தேடி வந்தபோது, ஊர்க்காரர் என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். மகள் கல்யாணப் பத்திரிகையில் அம்பேத்கர் படம் போடவேண்டும் என்று சொந்தக்காரர்கள் சொன்னதற்காக ரெண்டு விதமாகப் பத்திரிகை அடித்தார். அவரை நான் கேலி செய்திருக்கிறேன். இப்போது கேலி வரவில்லை. ஆனால் அக்கா மகனுக்குச் சொன்ன யோசனையில் இந்த முப்பது வருஷமும் சேர்த்தி என்று நான் அவனுக்குச் சொல்லவில்லை.

படித்தவர்கள் தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று 1956இல் ஆக்ராவில் அம்பேத்கர் மனம் நொந்து பேசினார். கான்ஷிராம் 1978இல் பாம்செஃப் தொடங்கியபோது, அரசு வேலையில் இருப்பவர்கள் சமூகத்துக்குத் திருப்பிச் செலுத்தவேண்டும் என்பதையே கொள்கையாக வைத்தார். எங்கள் ஊழியர் சங்கத்திலும் இதை நிறையப் பேசியிருக்கிறோம். நான் சந்தா பாக்கி வைத்ததே இல்லை, ரசீதெல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆனால் திருப்பிச் செலுத்துவதற்கென்றே அமைந்த மாதிரி ஒரு மத்தியானம் வந்தது. அன்று செலவு ஆறு மதிப்பெண்தான். இல்லை, அந்த மதிப்பெண்ணைக்கூடப் போடத் துணிச்சல் இல்லை என்றால், கூட்டக் குறிப்பில் மாற்றுக் கருத்து என்று நாலு வரி எழுதியிருக்கலாம். 'இந்த விண்ணப்பதாரரிடம் நிலம் பற்றிக் கேட்கப்பட்டது; பணிக்கு அது தொடர்பற்றது.' எழுதினால் கோப்பில் நிற்கும். நாளைக்கு யாராவது எடுத்துப் படிப்பார்கள். எழுதியிருந்தால் அடுத்த குழுவுக்கு என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். நான் எழுதவில்லை, அதற்குப் பிறகு மூன்று தடவை கூப்பிட்டார்கள்.

ஆகவே பையன் மறைப்பது பெரிய பாவம் என்று நான் நினைக்கவில்லை. அவன் வயிறு, அவன் முடிவு. உண்மையைச் சொல்லு, தலைநிமிர்ந்து நில்லு என்று பென்ஷன் வாங்கிக்கொண்டு நான் அவனுக்கு உபதேசம் செய்வது அதைவிட அசிங்கம். எனக்கு உறுத்துவது வேறு. உள்ளே போய் உட்கார்ந்த நாங்கள் அந்தக் கேள்வியை ஒருமுறையாவது நிறுத்தியிருந்தால், இவனுக்கு இந்த யோசனை தேவைப்பட்டிருக்குமா? கேள்வியை அப்படியே விட்டுவிட்டு, பதிலைத் திருத்தச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். மேசைக்கு அந்தப் பக்கம் சிரித்தவனும் நான்தான், இந்தப் பக்கம் திண்ணையில் யோசனை சொன்னவனும் நான்தான்.

மறுநாள் காலையில் போன் போட்டு இதை எல்லாம் அவனிடம் சொன்னேன். அந்தப் பெண்ணைப் பற்றியும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "நீங்க 17 போட்டிருந்தா அவங்க இன்னேரம் அந்த மாதிரி மேசையில உக்காந்திருப்பாங்க இல்ல மாமா?" என்றான். ஆமாம்டா என்றேன்.

நேர்காணல் முடிந்த அன்றைக்கு ராத்திரி அவனே கூப்பிட்டான். கேட்டார்களாம். திண்டிவனம் பக்கம் என்றிருக்கிறான். கிராமம்? சொன்னான். "அங்க எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க, எந்தப் பக்கம்?" என்று ஒருத்தர் மட்டும் விடவில்லை. "ஏரிக்குக் கெழக்கால சார், காலனி. எங்கப்பா சூளையில கல் அறுக்கறாரு" என்று சொல்லிவிட்டு, "சார், எழுத்துப் பரீட்சையில கடைசிக் கணக்கு வேற மாதிரியும் போடலாம், போட்டுக் காட்டட்டுமா?" என்று கேட்டானாம். நடுவில் உட்கார்ந்திருந்த அம்மா பேப்பரைத் தள்ளிக் கொடுத்திருக்கிறார். போட்டுக் காட்டியிருக்கிறான்.

ரெண்டு வாரத்தில் மெயில் வரும் என்று சொல்லி அனுப்பினார்கள். இது மூணாவது வாரம்.