கைத்தொழில் யாருக்குக் கடமை?

மூன்றாம் படிவம் முடிந்து பிள்ளை எந்தப் பக்கம் போவது என்ற பேச்சு எழும்போது, "படிப்பு ஏறவில்லை என்றால் கைத்தொழிலாவது கற்றுக்கொள்ளட்டும்" என்று சொல்வது நம் குடும்பங்களில் வழக்கம். மலாக்காவின் குருபோங்கிலும் பாயா ரும்புட்டிலும் மட்டுமல்ல, தோட்டத்திலிருந்து வந்த தமிழர் வாழும் எந்த ஊரிலும் இதைக் கேட்கலாம். அறிவுள்ளவனுக்கு ஏடு, இல்லாதவனுக்குச் சுத்தியல் என்ற தீர்ப்பு அதில் அடங்கியிருக்கிறது. ஆனால், ஆயுத பூசையன்று அதே சுத்தியலையும் தையல் இயந்திரத்தையும் கழுவித் துடைத்துக் குங்குமம் இட்டுக் கும்பிடுவதும் நாம்தான். கும்பிடும் கருவியைப் பிள்ளையிடம் மட்டும் ஏன் தண்டனையாக நீட்டுகிறோம்? தொழில் புனிதமானது என்றால் அது யாருக்குப் புனிதம், யாருடைய கடமை? கைத்தொழிலும் வீட்டுப் பணியும் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிய கல்வி. எந்தப் பிள்ளைக்கும் தலையில் எழுதப்பட்ட கல்வி அல்ல. நம் சமயமும் நம் வரலாறும் சேர்ந்து தரும் விடை இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

முதலில் சமயத்தைப் பார்ப்போம். ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசர், சமண சமயத்தில் தருமசேனர் என்ற பெயரோடு தலைமை நிலையில் இருந்த கல்விமான். சைவத்துக்குத் திரும்பிய அவர் கையில் ஏந்தியது உழவாரம். கோயில் வழிகளில் மண்டிய புல்லைச் செதுக்கினார். அவர் அந்தக் கருவியைத் தாமே விரும்பி எடுத்துக்கொண்டார், யாரும் அவர்மீது சுமத்தவில்லை. சேக்கிழார் பாடிய நந்தனாரின் கதை வேறு. கோயில் முரசுகளுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுத்து வந்தவர் அவர். அவர் உழைப்பு கோயிலுக்குள் ஒலித்தது. அவர் மட்டும் வெளியே நின்றார், தில்லைக்குள் புக நெருப்பில் மூழ்க வேண்டியிருந்தது. உழைப்பைப் போற்றுவதும் உழைப்பவனை வாசலிலேயே நிறுத்துவதும் ஒரே பக்தியின் நிழலில் நடக்க முடியும் என்பதற்குப் பெரியபுராணத்திலேயே சான்று இருக்கிறது. ஆகவே, தொழிலைப் போற்றினால் மட்டும் அறம் நிறைவேறிவிடாது. கையிலிருக்கும் கருவியைக் கீழே வைத்துவிட்டு வேறொன்றை எடுக்கும் உரிமை உழைப்பவனுக்கு இருந்ததா என்றும் கேட்க வேண்டும்.

இந்தக் கேள்வி நம் தோட்டங்களுக்கு நன்றாகவே பொருந்தும். 1896-இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் ரப்பர் பயிரிட்டதிலிருந்து மலாயாவின் ரப்பர்த் தோட்டத் தொழில் தொடங்குகிறது. பால்மரம் வெட்டுவது எளிய வேலை அல்ல. குளிரில்தான் பால் நன்றாக இறங்கும் என்பதால் விடியுமுன் நிரைக்குப் போக வேண்டும். பட்டையைச் சாய்வாகச் சீவும் கத்தி, உள்ளே இருக்கும் வளர்படலத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இப்பாலே நின்றுவிட வேண்டும். ஆழம் குறைந்தால் பால் ஏந்தும் மங்கு நிரம்பாது. கூடினால் மரம் காயப்பட்டுப் பட்டை முடிச்சு முடிச்சாக வளரும். அரையிருளில் இதை மரத்துக்கு மரம் பிசகாமல் செய்தவர்களின் அறிவை யாரும் அறிவு என்று எழுதி வைக்கவில்லை. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. பள்ளி வந்தது, ஆனால் அந்தப் படிப்பு பெரும்பாலும் தொடக்க வகுப்புகளோடு நின்றது, பிள்ளை மறுபடி நிரைக்கே திரும்பியது. மீனவர் மகனும் குடியானவர் மகனும் தந்தையைவிடச் சற்று விவரமான மீனவராகவும் குடியானவராகவும் ஆனால் போதும் என்று மலாய்ப் பிள்ளைகளைப் பற்றி 1920-இல் எழுதிய காலனி அரசாங்கத்தின் சட்டம் அது.

நல்லெண்ணத்தோடு வந்த திட்டமும் இதே குழியில் விழலாம். 1937-இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, எந்தக் குடியில் பிறந்த பிள்ளையும் கைத்தொழில் வழியே கற்க வேண்டும் என்றது. 1953-இல் சென்னை மாநிலத்தில் முதல்வர் ராஜாஜி கொண்டுவந்த திட்டமோ பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மீதிப் பொழுதில் பெற்றோரின் தொழிலைக் கற்கச் சொன்னது. இருக்கும் பள்ளிகளில் இன்னும் அதிகப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அவர் கணக்கு. ஆனால் அது பிள்ளையைப் பிறந்த குலத்தின் தொழிலோடு கட்டிப்போடும் என்று பெரியார் எதிர்த்தார். குலக்கல்வி என்ற பெயர் நிலைத்தது. 1954-இல் ராஜாஜி பதவி விலக, அடுத்து முதல்வரான காமராசர் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். இரண்டு திட்டங்களிலும் கைத்தொழில் உண்டு. ஒன்று எல்லாருக்கும் பொதுவாக வைத்தது, மற்றொன்று பிறப்பைப் பார்த்துப் பங்கிட்டது. பால் வேறுபாட்டிலும் இதே தவறு நடந்தது. 1917-இன் ஸ்மித்-ஹியூஸ் சட்டத்தால் நிதி பெற்ற அமெரிக்க உயர்நிலைப்பள்ளிகளில் பெண்களுக்குச் சமையலும் தையலும், ஆண்களுக்குத் தச்சும் உலோக வேலையும் என்று நெடுங்காலம் பிரித்திருந்தார்கள். கல்வியில் ஆண்-பெண் பாகுபாட்டைத் தடுக்க 1972-இல் வந்த சட்டத்துக்குப் பிறகே அந்தச் சுவர் இடிந்தது. மலேசியாவிலும் 1965 முதல் கீழ்நிலைப் படிவங்களில் தொழிற்கலையும் மனையியலும் வந்தபோது, பையன்கள் பட்டறைக்கும் பெண்கள் அடுப்படிக்கும் போவதே வழக்கமாக இருந்தது.

இதற்கு மறுப்புகள் உண்டு. தன் தருமம் குறையுடையதானாலும் அதுவே மேல் என்று கீதை சொல்லவில்லையா என்பர். சொல்கிறது, அதே கீதை குணத்தையும் செயலையும் கொண்டுதான் பிரிவைப் பேசுகிறது. மரத்தையும் மாவையும் மின்கம்பியையும் தொட்டே பார்க்காத பிள்ளைக்குத் தன் குணம் எது என்று எப்படித் தெரியும்? சுயதருமத்தை நம்புகிறவரே எல்லாத் தொழிலையும் எல்லாப் பிள்ளைக்கும் காட்டக் கடமைப்பட்டவர். மகாபாரதத்தில் குலத்தொழிலை விடாமலே அந்தணருக்கு உபதேசித்த இறைச்சி விற்பவரின் கதையைக் காட்டுவோரும் உண்டு. கற்கப் போன அந்தணரின் செருக்கை அடக்க வந்த கதை அது. விற்பவரின் மகனுக்கு வேலி போட வந்ததல்ல. சமையலை வீடே கற்றுத்தருமே, பள்ளி எதற்கு என்பது அடுத்த கேள்வி. வீடு பெரும்பாலும் மகளுக்குத்தான் கற்றுத்தருகிறது. மகனுக்கும் கற்றுத்தரப் பள்ளியால்தான் முடியும். இருப்பதில் வலுவான மறுப்பு வேறு: தலைமுறை தலைமுறையாகக் கத்தி பிடித்த குடும்பம் பிள்ளையை ஏட்டின் பக்கம் தள்ளுவதில் என்ன பிழை? பிழையே இல்லை. அந்த ஆசை நியாயமானது, அதைக் குறை சொல்லும் தகுதி யாருக்கும் கிடையாது. தேர்வில் தோற்றவனுக்கு மட்டும் தொழில் என்று ஒதுக்கும்போதுதான் பிழை தொடங்குகிறது. தோட்டத்தில் நம்மீது திணிக்கப்பட்ட வரிசையை அப்போது நம் பிள்ளைகள்மீது நாமே திணிக்கிறோம்.

பழைய தோட்ட நிலங்கள் பல வீடமைப்புகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. 2012 முதல் தொழிற்பள்ளிகள் தொழிற்கல்லூரிகளாக உயர்த்தப்பட்டு டிப்ளோமா வரை படிக்க வழி திறந்திருக்கிறது. இந்த வழியில் ஒரு பிள்ளை போவது பெருமையா சிறுமையா என்பதைப் பாடத்திட்டம் தீர்மானிக்காது. அனுப்பும் பெற்றோரின் மனமே தீர்மானிக்கும். எட்டு ஏ எடுத்த மகளும் பற்றவைப்புக் கற்க விரும்பலாம், தேர்வில் தடுமாறிய மகனும் மறுபடி ஏட்டைக் கேட்கலாம் என்று இருவருக்கும் கதவைத் திறந்து வைக்கும் வீட்டில்தான் ஆயுத பூசைக்குப் பொருள் உண்டு.